கோயில் வாசலில் கைமாறிய பாஸ்போர்ட்

பேய், பிசாசு, கண்ணூறு, செய்வினை என்று ஆட்கள் கதைக்கத் தொடங்கினால் எழும்பி அடுப்படிக்குப் போகிற ஆள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னவும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் தாதி. யாழ்ப்பாணத்தில் படித்து, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும் வரை வேலை செய்தவள். செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்த் தேநீர் குடித்திருக்கிறேன். ஒருவரும் எழும்பி வந்து என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. செத்தவர்களால் ஒரு கரைச்சலும் இல்லை, இருக்கிறவர்களோடுதான் கரைச்சல் என்று சொல்லுவேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன், இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

என் பாஸ்போர்ட் பைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. அந்த நாளில் வெளிநாட்டில் வேலை செய்கிற எங்களுடைய பாஸ்போர்ட் எங்களிடம் இருக்காது. போய் இறங்கிய கையோடு ஆஸ்பத்திரி ஆபீசில், எங்கள் பாஷையில் கந்தோரில், வாங்கிப் பூட்டிவிடுவார்கள், லீவுக்கு வரும்போதுதான் கண்ணில் காட்டுவார்கள். அதனால் அது என் கைக்கு வந்தால் நான் வேறு ஆள். துணியில் ஒரு பை தைத்து, உள்பாவாடையோடு ஊசி குத்தி, படுக்கும்போதும் அதோடுதான் படுப்பேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். அசலை ஒருநாளும் தெருவில் கொண்டு திரியாதீர்கள், பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், கைப்பையில் போட்டோக் கொப்பி இருந்தால் போதும், எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும் பாஸ்போர்ட்டை மட்டும் கையில் கொடுக்காதீர்கள் என்று. நல்ல புத்திமதிதான். அந்தப் புத்திமதி எந்த ஊரில் செல்லும், எந்த ஊரில் செல்லாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். லீவுக்கு வந்தால் யாழ்ப்பாணம் போக முடியாது, வெள்ளவத்தையில் தங்கச்சி வசந்தி வாடகைக்கு இருந்த அனெக்ஸில்தான் தங்குவேன். கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை. ரயில் போனால் குசினியில் கோப்பைகள் ஆடும். வசந்தி பகிடிக்காரி. நான் பாவாடையைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "அக்கா, உன்ர பாஸ்போட்டுக்கு ஒரு தொட்டில் கட்டி விடவோ?" என்பாள். அவளுடைய மனுசன், நான் தம்பி என்று கூப்பிடுகிற சிவம், சிரிக்க மாட்டார். இரவில் ஆமிக்காரர் கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்பி அடையாள அட்டை பார்த்த வீடு அது. அவருக்குக் கடுதாசியின் அருமை தெரியும்.

என் லீவு முடிகிற கிழமை. ஞாயிற்றுக்கிழமை பிளேன். அந்த ஞாயிறு நான் ஏறாவிட்டால் விசா முடிந்துவிடும், விசா முடிந்தால் வேலை இல்லை, திரும்பிப் போகவும் வழி இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்குக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனேன். பயணம் கிடைத்தவர்கள் பாஸ்போர்ட்டை அம்மனின் காலடியில் வைத்து எடுப்பது அப்போது எங்கள் ஆட்களிடம் இருந்த பழக்கம். சில வெள்ளிக்கிழமைகளில் ஐயரின் தட்டைப் பார்த்தால் தேங்காய்ப் பாதியும் வெற்றிலையும் பாஸ்போர்ட்டுகளுமாகக் கிடக்கும். ஆவியை நம்பாதவள் அம்மனை நம்புகிறாளா என்று கேட்காதீர்கள். அம்மன் வேறு.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றபோதுதான் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். இருபத்தைந்துக்கு உள்ளேதான் இருக்கும். இளமஞ்சள் சட்டை, கறுப்புப் பாவாடை, தலைமயிரை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தாள். நான் குனிந்து நின்றதால் முதலில் அவளுடைய காலைத்தான் கண்டேன். செருப்பின் வார் அறுந்து அதற்கு ஒரு ஊசி குத்தியிருந்தது.

"அக்கா, உள்ளுக்குத்தானே போறியள்? இதையும் உங்கட தட்டிலை வைச்சு ஒருக்கா எடுத்துத் தாறீங்களோ? எனக்கு இண்டைக்கு உள்ளுக்கு வரேலாது."

ஒரு பெண் அப்படிச் சொன்னால் இன்னொரு பெண் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அவள் நீட்டியது பாஸ்போர்ட். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பிள்ளை நீர், முன்னப் பின்னத் தெரியாத ஆளிட்டைப் பாஸ்போட்டைக் குடுக்கிறீர்? நான் கொண்டு ஓடினால் என்ன செய்வீர்?"

"நீங்கள் ஓட மாட்டியள் அக்கா. நீங்கள் கவனமா வைச்சிருப்பியள்."

"எங்கை பயணம்?"

"சுவிஸ். கிட்டிப் போச்சு. கூட்டிக்கொண்டு போகத்தான் ஆளில்லை."

முகம் வெளிறி, உதடு காய்ந்து போயிருந்தது. தாதிக் கண், எங்கே போனாலும் அதைத்தான் பார்க்கும். நல்ல வெயில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அந்த நிழலிலை போய் இரும், வந்திடுவன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நான் ஒருவரிடமும் கொடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன சாமான், கேட்காமலே நீட்டிய ஒரு பிள்ளையிடமிருந்து என் கைக்கு வந்தது.

பூசை முடிந்து ஐயர் இரண்டையும் குங்குமம் வைத்துத் தந்தார். வெளியே வந்தால் அவள் இல்லை. நிழலில் இல்லை, பூக்கடையில் இல்லை, தண்ணீர்க் குழாயடியில் இல்லை. பூக்காரியிடம் கேட்டேன். மஞ்சள் சட்டைப் பிள்ளை ஒருத்தரையும் அவள் காணவில்லையாம். நான் செருப்போடு கதைத்துக்கொண்டு நின்றேன் என்றுதான் நினைத்தாளாம். பகிடி பண்ணுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கோயில் நடை சாத்தும்வரை அந்த வெயிலில் நின்றேன், ஒருவரும் வரவில்லை.

இனி என்ன செய்வது, வீட்டுக்குப் போய் யோசிப்போம் என்று பஸ் ஏறினேன். சனம் தொங்கிக்கொண்டு வந்தது. எனக்கு ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்தது. நம்பினால் நம்புங்கள், அந்த நெரிசலில் என் பக்கத்து இருக்கையில் கடைசிவரை ஒருவரும் இருக்கவில்லை. இருக்க வருகிறவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஏதோ ஆள் இருக்கிற இடத்தைப் பார்த்தவர்கள் மாதிரி விலகி நின்றார்கள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் இரண்டு பாஸ்போர்ட். ஒன்றில் என்னுடைய படம், மற்றதில் யாரென்றே தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளையின் படம். யாருடையது, ஏன் உன்னிடம் இருக்கிறது, நீ ஆள் கடத்துகிற ஏஜென்சியா என்று கேட்டால் என்ன சொல்வேன்? கோயில் வாசலில் தந்தாள் என்றா? ஞாயிற்றுக்கிழமை பிளேனை மறக்க வேண்டியதுதான். ஒளிக்கவும் இடமில்லை, அர்ச்சனைப் பையைத்தான் முதலில் கிளறினார்கள். தேங்காய்ப் பாதிக்கும் பூவுக்கும் நடுவில் இருந்து இரண்டும் ஒன்றாக அவர்களுடைய கைக்குப் போய்விட்டன.

சின்னப் பெடியன்தான் அந்த ஆமிக்காரன். மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. என்னுடையதைத் திறந்தான், என்னைப் பார்த்தான். மற்றதைத் திறந்தான். அவன் தலையை நிமிர்த்தி என் வலப் பக்கத்தைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான், திரும்பவும் என் வலப் பக்கத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில், "நங்கிட அசனீபத?" என்று கேட்டான். தங்கச்சிக்குச் சுகமில்லையா என்கிறான்.

என் வாய் தன்பாட்டில் "ஔ" என்றது. ஆம் என்று.

இரண்டையும் மூடி என் கையில் தந்தான். "ஹரி, தென்னம யன்ன." சரி, இரண்டு பேரும் போங்கள்.

நான் வலப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற மனுசி நல்ல தூரத்தில் நின்றார், அவருக்கு அறுபது வயதாவது இருக்கும். பஸ்ஸில் திரும்பி ஏறி இருந்தேன். வெள்ளவத்தையில் இறங்கும்வரை நான் அந்தப் பக்கத்து இருக்கையைப் பார்க்கவே இல்லை. பயம்தான், ஏன் மறைக்க வேண்டும்.

வீட்டில் சொன்னதும் சிவம் கதவைச் சாத்திவிட்டு வந்து கத்தாத குறை. "மச்சாள், உங்களுக்கு விசரோ? பொலிசிலை குடுக்கப் போனால் உங்களைத்தான் உள்ளுக்கு வைப்பாங்கள். எரிச்சுப் போடுங்கோ." வசந்தி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சுபாஷினி என்று பேர். ஒரு பயணமும் போயிராத புத்தம் புதுப் பக்கங்கள், ஒரு பக்கத்தில் மட்டும் சுவிஸ் விசா.

"அக்கா, பயணம் கிட்டிப் போச்செண்டோ சொன்னவள்?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னவள்."

"இந்த விசா முடிஞ்சு ரண்டு வருசமெல்லே."

எரிக்க எனக்கு மனம் வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாத ஆள் கிடந்து படுகிற பாட்டை நான் மஸ்கட்டில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். விசா முடிந்தால் என்ன, அது அவளுடையது. கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் வத்தளை முகவரி ஒன்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் காலையே வசந்தியையும் கூட்டிக்கொண்டு நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை பாஸ்போர்ட் என் பாவாடைப் பைக்குள், என்னுடையதோடு சேர்ந்து. வழியில் ஒருவரும் மறிக்கவில்லை.

வத்தளையில் ஒரு மாடி வீடு. மேலே ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு. படியேறிப் போய்த் தட்டினால் கதவு உடனே திறந்தது, பூட்டியே இருக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா. வயது என்னைவிட மிஞ்சிப் போனால் பத்துக் கூட இருக்கும், ஆனால் உடம்பு வற்றிப் போயிருந்தது. சுபாஷினியின் பாஸ்போர்ட் கொண்டு வந்திருக்கிறோம் என்றேன்.

"இல்லைப் பிள்ளை, ஆரோ பிழையாச் சொல்லிப் போட்டினம்" என்றார் அவர். "பிள்ளையின்ர பாஸ்போட் இஞ்சை சூட்கேசுக்கை கிடக்கு."

நான் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. படத்தைப் பார்த்தார், போய் அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேசை இறக்கினார். அதன்மேல் விரலால் எழுதக்கூடிய அளவுக்குத் தூசி. திறப்பு அவருடைய இடுப்பில் ஒரு கயிற்றில் கட்டியிருந்தது. பூட்டைத் திறந்தார். கூறைச் சேலை, பூச்சிமாத்திரை வாசனையோடு புது உடுப்புகள், எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்போர்ட் போடும் பிளாஸ்டிக் உறை. உறை வெறுமையாக இருந்தது. இதற்கு வசந்தி சாட்சி, இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள், வேண்டுமானால் கேளுங்கள்.

அம்மா கட்டிலில் இருந்துவிட்டார். பிறகுதான் கதை சொன்னார். மகளைச் சுவிசில் இருந்த பெடியனுக்குக் கலியாணம் பேசி, விசா வந்து, டிக்கட் எடுத்து, பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கிற நேரம். பெடியன் கோல் எடுப்பான் என்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் கொமியூனிக்கேஷன் கடைக்குப் போக வெளிக்கிட்டிருக்கிறாள். அடையாள அட்டை ஏதோ திருத்தத்துக்குக் கொடுத்து இன்னும் வரவில்லை. "அம்மா, பாஸ்போட்டைத் தாங்கோ, வழியிலை கேப்பாங்கள்" என்று கேட்டிருக்கிறாள்.

"நான்தான் குடுக்கேல்லை. றோட்டிலை கொண்டு போய்த் துலைச்சுப் போட்டு வந்து நிண்டியெண்டால் எல்லாம் போச்சு, போட்டோக் கொப்பியைக் கொண்டு போ எண்டு சொன்னனான். பூட்டிப்போட்டுத் திறப்பை இடுப்பிலை கட்டினனான். போட்டோக் கொப்பி செல்லாதெண்டு சொல்லி ஆமிக்காரர் ஜீப்பிலை ஏத்தினவங்களாம். கண்ட ஆக்கள் சொன்னவை. நான் ஏறாத காம்ப் இல்லைப் பிள்ளை. எல்லா இடமும் பாஸ்போட்டைக் கொண்டு போய்க் காட்டினனான், இந்தா பாருங்கோ இதுதான் அசல் எண்டு. நாங்கள் பிடிக்கேல்லை எண்டிட்டாங்கள்."

அசலைப் பூட்டு, பிரதியைக் கொண்டு போ. நான் படிப்பித்த அதே பாடம், ஒரு எழுத்துப் பிசகாமல். உலகத்தில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள், நானும் செய்திருப்பேன். அந்த அம்மாவுக்கு அதைச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஆர் தந்தது உங்களிட்டை?" என்று கேட்டார்.

வசந்தி என் கையைப் பிடித்து நசித்தாள், சொல்லாதே என்று. பொய் சொல்லியிருக்கலாம், தெருவில் கண்டெடுத்தேன் என்று. எனக்கு அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. கோயில் வாசலில் ஒரு பிள்ளை தந்தவள் என்றேன். மஞ்சள் சட்டை, கறுப்புப் பாவாடை. செருப்பு வாருக்கு ஊசி குத்தியிருந்தது.

"அண்டைக்குக் காலமை நான்தான் குத்தி விட்டனான்" என்றார் அம்மா. அழவில்லை. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, "மெலிஞ்சு போனாளோ?" என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். எத்தனையோ சாவு பார்த்த நான், அந்த ஒரு கேள்விக்கு விம்மி விம்மி அழுதேன். "இல்லையம்மா, நல்லாத்தான் இருந்தவள், கொஞ்சம் களைச்சுப் போயிருந்தவள்" என்றேன். அவர் தலையாட்டினார். "வெய்யிலுக்கை நடந்திருப்பாள்" என்றார்.

வவுனியாவில் மூத்த மகன் இருக்கிறானாம், வந்து தன்னோடு இரு என்று மாதாமாதம் ஆள் அனுப்புகிறானாம். போக மாட்டாராம். மகளுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதானாம், வந்து தட்டினால் கதவைத் திறக்க ஆள் வேண்டுமாம். கதவு ஏன் பூட்டியிருக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கியது.

பிறகு எங்களைப் பற்றிக் கேட்டார். நாளைக்கு எனக்குப் பிளேன் என்று சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்று திரும்பவும் கேட்டார். கூட்டிக்கொண்டு போகத்தான் ஆளில்லை என்றாள் என்றேன். சோதனைச் சாவடியில் நடந்ததையும் சொன்னேன். இரண்டு பேரும் போங்கள் என்றதை அவர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். நாங்கள் எழும்பியபோது பாஸ்போர்ட்டை அவர் கையிலேயே வைத்துக்கொண்டார், சூட்கேசில் வைக்கவில்லை. வாசல்வரை வந்தார். நானும் வசந்தியும் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கிவிட்டோம். பின்னால் அவருடைய குரல் கேட்டது. எங்களோடு கதைக்கிற குரல் இல்லை அது.

"பிள்ளை, நீ அக்காவோடை போ. அம்மாவைப் பாத்துக்கொண்டு நிக்காதை. போயிட்டு வா."

வசந்தி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பகிடிக்காரி அவள், அன்றைக்கு முழுக்க ஒரு பகிடி விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் ஒரு கரைச்சலும் இல்லை. குடிவரவு மேசையில் இருந்த அலுவலர் பாஸ்போர்ட்டைப் புரட்டி, டொக் என்று குத்தினார். பிறகு இன்னும் ஒரு தரம் டொக். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டு நடந்தேன், கவனிக்கவில்லை. மஸ்கட்டில் இறங்கியபோதும் அப்படித்தான். அந்த அரபி அலுவலர் முத்திரை குத்திவிட்டு, இன்னும் ஏதோ வேண்டும் என்கிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு என் வலப் பக்கத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, என் பாஸ்போர்ட்டிலேயே இன்னொரு தரம் குத்தித் தள்ளிவிட்டார். நான் வேகமாக நடந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கந்தோரில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது அங்கிருந்த கேரளத்துக் கிளார்க்தான் காட்டினார், இதென்ன சிஸ்டர் ஒரே நாளில் இரண்டு முறை நாட்டுக்குள் வந்திருக்கிறீர்கள் என்று. முன்பக்கம் புரட்டினால் கட்டுநாயக்காவிலும் இரண்டு. என் மனுசனுக்குக் காட்டினால் அவர் சொல்லுவார், முதல் முத்திரை சரியாக விழாவிட்டால் திரும்பக் குத்துவார்கள், இதெல்லாம் ஒரு கதையா என்று. இருக்கலாம். ஆனால் நாலு முத்திரையும் தெளிவாகத்தான் விழுந்திருக்கின்றன. அந்தப் பழைய பாஸ்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த லீவுக்கு வந்தபோது முதல் வேலையாக வத்தளைக்குப் போனேன். காட்டுவதா விடுவதா என்று வழியெல்லாம் எனக்குள் ஒரே போராட்டம். கதவு அப்போதும் பூட்டாமல்தான் இருந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த அம்மாவின் மடியில் வைத்தேன். வாசிக்கத் தெரிந்த மனுசி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முத்திரையாக விரலை வைத்துப் பார்த்தார். வெளியே போனதற்கு இரண்டு, அங்கே இறங்கியதற்கு இரண்டு. பிறகு முந்தின நாள் நான் வந்து இறங்கியபோது விழுந்த முத்திரையைத் தேடிப் பிடித்தார்.

"இஞ்சை திரும்பி வந்ததுக்கு ஒண்டுதான் கிடக்கு."

"ஓம் அம்மா. ஒண்டுதான்."

"அப்ப பிள்ளை வெளியாலை போயிட்டாள்" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், அப்போதுதான் அவருடைய கண்ணில் தண்ணீரைக் கண்டேன். தன் மகளின் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து காட்டினார். அதில் ஒரு முத்திரையும் இல்லை, பழையபடி அந்த விசாவும் வெறும் பக்கங்களும்தான். நான் அதைப் பார்க்கிறேன், அவர் அதைப் பார்க்கவில்லை. என்னுடையதைத்தான் தடவிக்கொண்டிருந்தார். அங்கே வெயில் கூடவா, எங்களுடைய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றித் தந்தார்.

அந்த மாதமே அறையைக் கொடுத்துவிட்டு வவுனியாவுக்கு மகனிடம் போய்விட்டார் என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். போகும்போது கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

நல்லதுதானே என்று நீங்கள் சொல்லுவீர்கள். வசந்தியும் அதைத்தான் சொன்னாள். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருநாள் மஸ்கட் ஏர்போர்ட்டில் ஒரு சிநேகிதியைக் கூட்டிவரப் போய்க் காத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது மனதில் பட்டது. அந்தப் பிள்ளையின் விசா சுவிசுக்கு. மஸ்கட்டுக்கு இல்லை. என் பயணம் மஸ்கட்டோடு முடிந்துவிட்டது, நான் வேகமாக நடந்து வெளியே வந்துவிட்டேன், ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாஷை தெரியாத ஊரில், கையில் பாஸ்போர்ட் இல்லாமல், ஊசி குத்திய செருப்போடு, அங்கிருந்து அவள் எங்கே போனாள்?

அதற்குப் பிறகு நான் அந்த ஊரில் வேலை செய்த காலம் முழுக்க, லீவுக்கு வெளிக்கிட்டு ஏர்போர்ட்டுக்குள் போனால், பிளேன் மாறுகிறவர்கள் காத்திருக்கும் கதிரை வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அந்த அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.